அரசாங்கத்தின் கடனும் கமக்காரரின் கடனும்

கமக்காரரே,

பெரும்போக விதைப்புக் காலம் நெருங்கும்போது ஊர்தோறும் இரண்டு பேச்சுக்கள் எழுகின்றன. ஒன்று மழையைப் பற்றியது; மற்றது கடனைப் பற்றியது. மழை நம் கையில் இல்லை. கடனோ பெரும்பாலும் நம் கையிலேயே உள்ளது. ஆயினும், மழையை ஆராயும் அளவிற்கு நாம் கடனை ஆராய்வதில்லை. வானத்தைப் பார்த்து விதைப்பு நாளைக் குறிக்கும் கமக்காரர், வட்டி வீதத்தைக் கேளாமலே பத்திரத்திற் கையொப்பம் இடுவதைக் காண்கின்றோம்.

அண்மை ஆண்டுகளில் இப்பேச்சிற் புதிய கேள்வியொன்றும் கலந்துள்ளது. "நாடே தன் கடனைக் கட்டவில்லை, நான் மட்டும் ஏன் கட்டவேண்டும்?" என்பதே அக்கேள்வி. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றவரும், பசளையின்றி மஞ்சளித்த பயிரைப் பார்த்து நின்றவரும் இவ்வாறு கேட்கும்போது, அதனை வீண் பேச்சென்று தள்ளிவிடுதல் முறையன்று. அதற்குத் தக்க விடை கூறுதல் வேண்டும். அரசாங்கத்தின் கடன் எத்தகையது, கமக்காரரின் கடன் எத்தகையது, இரண்டும் எங்கே ஒக்கும், எங்கே வேறுபடும் என்பவற்றை அறிந்தால் அவ்விடை தானே புலப்படும். இப்பிரசுரத்தின் நோக்கம் அதுவேயாகும்.

1. கடன் என்பது யாது?

நாளை விளையப்போவதை இன்று எடுத்துச் செலவு செய்தலே கடனாகும். ஒரு புசல் வித்துநெல்லைக் கடனாகப் பெற்ற இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் அதனை வயலில் விதைத்தார். மற்றவர் அதனை அவித்துக் குற்றி உண்டார். அறுவடைக் காலத்தில் முதலாமவர் களத்திலிருந்து ஒரு புசலை அளந்து கொடுத்துவிட்டு மிகுதியை வீட்டுக்குக் கொண்டு செல்வார். இரண்டாமவரோ அந்த ஒரு புசலைக் கொடுப்பதற்கு வேறோர் இடத்திற் கடன்படுவார். கடன் ஒன்றே, அளவும் ஒன்றே. அது சென்ற இடமே இருவரையும் வேறுபடுத்தியது.

நோய், மரணம், திருமணம் முதலியவற்றிற்குக் கடன்படுதல் குற்றமன்று. ஆனால், அக்கடன் தன்னைத் தானே அடைக்கும் வருமானத்தைத் தருவதில்லை என்பதை உணர்ந்து, அதனை அடைக்கும் வழியை முன்னரே குறித்துக்கொள்ளல் வேண்டும். இவ்விதி ஒரு குடும்பத்துக்கும் பொருந்தும். ஓர் அரசாங்கத்துக்கும் பொருந்தும்.

2. கமக்காரரின் கடனும் மறைந்து நிற்கும் வட்டியும்

நம் ஊர்களிற் கடன் பல உருவங்களில் வருகின்றது. வட்டி சிலவற்றில் வெளிப்படையாக நிற்கும். சிலவற்றில் மறைந்து நிற்கும். மறைந்து நிற்கும் வட்டியே பெரும்பாலும் கூடியது.

(அ) மாதவட்டி. "நூற்றுக்கு ஐந்து" என்று கேட்கும்போது சிறிதாகத் தோன்றும். அது மாதத்திற்கு ஐந்து. எனவே ஆண்டிற்கு அறுபது. வட்டியைக் கட்டாது விட்டு, அவ்வட்டிக்கும் வட்டி ஏறுமாயின், 15 மாதங்களிற் கடன் இருமடங்குக்கு மேலாகிவிடும்.

(ஆ) கடைக்கடன். வியாபாரியிடம் பசளையும் களைநாசினியும் கடனாகப் பெற்று, அறுவடையில் நெல்லாகக் கொடுத்தல். இதில் "வட்டி இல்லை" என்பர். உதாரணமாக, ரொக்கத்துக்கு 40,000 ரூபா பெறுமதியான பொருள்கள் கடனுக்கு 45,000 ரூபாவாகக் குறிக்கப்படுகின்றன. நான்கு மாதங்களின் பின் சந்தையில் நெல் கிலோ 100 ரூபா விற்கும்போது, கடனுக்குரிய நெல் கிலோ 90 ரூபாவாகவே எடுக்கப்படுகின்றது. அப்போது 500 கிலோ நெல் அளக்கவேண்டும். அதன் சந்தைப் பெறுமதி 50,000 ரூபா. ஆகவே, 40,000 ரூபாவுக்கு நான்கு மாதங்களில் 10,000 ரூபா வட்டி சென்றுவிட்டது. இது ஆண்டிற்கு நூற்றுக்கு 75 வீதமாகும். வட்டி என்ற சொல் வாயில் வரவில்லை. நெற்குவியலிலிருந்து மட்டும் போய்விட்டது.

(இ) தவணைக் கடன். 1,00,000 ரூபாவை ஆண்டுக்கு நூற்றுக்கு 24 வீதம் என்று வாங்கி, 1,24,000 ரூபாவைப் பன்னிரண்டு மாதத் தவணைகளிற் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். மாதந்தோறும் முதலும் குறைந்து வருகின்றது. ஆறாம் மாதத்தில் ஏறத்தாழ அரைவாசிப் பணமே உங்கள் கையில் உள்ளது. ஆனால், வட்டியோ முழுப்பணத்துக்கும் கணக்கிடப்பட்டுள்ளது. குறைந்துசெல்லும் மீதிக்குக் கணக்கிட்டுப் பார்த்தால் உண்மையான வட்டி நூற்றுக்கு 40 வீதத்தைத் தாண்டும். ஆதலால், "எத்தனை வீதம்?" என்று கேட்பதோடு, "முழுத்தொகைக்கா, மீதித்தொகைக்கா?" என்றும் கேளுங்கள்.

(ஈ) ஒற்றி. யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் நெடுங்காலமாக வழங்கும் முறை இது. பணம் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவை அனுபவிப்பார். இதிலும் வட்டி இல்லையெனத் தோன்றும். அக்காணியில் நீங்கள் பெற்றிருக்கக்கூடிய ஆண்டு வருமானமே இங்கு வட்டியாகின்றது. அதனைக் கணக்கிட்ட பின்னரே இம்முறை இலாபமா நட்டமா என்று கூற இயலும்.

(உ) அறுதியாக எழுதிக்கொடுத்தல். "பணத்தைத் தந்ததும் காணியைத் திருப்பி எழுதித் தருவேன்" என்ற வாய்ச்சொல்லை நம்பிக் காணியை அறுதி உறுதியாக எழுதிக்கொடுத்து இழந்தோர் உளர். காணி பற்றிய உடன்பாடு நொத்தாரிசின் முன்னிலையில் முறைப்படி எழுதப்பட்டாலன்றிச் செல்லாது என்பது 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடைக் கட்டளைச் சட்டத்தின் பொதுவிதி. ஆதலாற் கடனுக்காகக் காணியை அறுதியாக எழுதிக்கொடாதீர்கள். ஈடு வைப்பின் ஈட்டுறுதியாகவே எழுதுங்கள்.

3. அரசாங்கம் எவரிடம் கடன் வாங்குகின்றது?

வரியாலும் பிறவாறும் வரும் வருமானத்திலும் செலவு மிகும்போது அரசாங்கம் கடன்படுகின்றது. அக்கடன் இருவகைப்படும்.

முதலாவது, உள்நாட்டுக் கடன். இது ரூபாவிற் பெறப்படுவது. திறைசேரி உண்டியல்கள் 91, 182, 364 நாட்களுக்கு உரியவை. திறைசேரி முறிகள் பல ஆண்டுகளுக்கு உரியவை. வங்கிகளும் நிதியங்களும் இவற்றை வாங்குகின்றன. உங்களுக்கும் இதிற் பங்குண்டு. தேசிய சேமிப்பு வங்கியில் நீங்கள் இட்ட பணத்தின் பெரும்பகுதி அரசாங்கத்தின் பத்திரங்களிலேயே முதலிடப்படுகின்றது. தனியார் துறையில் வேலை செய்யும் உங்கள் மகனின் ஊழியர் சேமலாப நிதியும் அவ்வாறே. ஆகவே, அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தோர் வரிசையில், நீங்கள் அறியாமலே, உங்கள் குடும்பமும் நிற்கின்றது.

இரண்டாவது, வெளிநாட்டுக் கடன். இது பெரும்பாலும் டொலரிலும் பிற நாட்டு நாணயங்களிலும் திருப்பிக் கொடுக்கப்படவேண்டியது. உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி போன்ற நிறுவனங்கள் நீண்ட தவணைக்குக் கொடுக்கின்றன. யப்பான், சீனா, இந்தியா முதலிய நாடுகளும் கொடுத்துள்ளன. இவற்றைவிட, 2007ஆம் ஆண்டு முதல் இலங்கை வெளிநாட்டுச் சந்தையில் நாட்டுக்குரிய முறிகளை விற்றும் கடன் பெற்றது. முதன்முதல் விற்கப்பட்டது 50 கோடி டொலருக்குரியது. இம்முறிகளின் வட்டி அபிவிருத்தி நிறுவனங்களின் சலுகை வட்டியிலும் கூடியது. அன்றியும், முதல் முழுவதையும் குறித்த நாளில் ஒருங்கே கட்டவேண்டும்.

கடனாற் பயன் விளைவதும் உண்டு. கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் நீர்ப்பாசன வேலைகள் அனைத்துலக விவசாய அபிவிருத்தி நிதியத்தின் கடனுதவியுடன் 2010க்குப் பிற்பட்ட ஆண்டுகளிற் செய்யப்பட்டன. பல தலைமுறைக்குப் பயன்தரும் குளத்துக்கு நீண்ட தவணைக் கடன் பொருந்தும். விரைவில் வருமானம் தராத வேலைக்குக் குறுகிய தவணையிற் கூடிய வட்டிக்குக் கடன்படுதலே ஆபத்தானது. உழவு இயந்திரத்தை ஒரு போகத்துக் கடனில் வாங்குவது எவ்வாறு பொருந்தாதோ, அவ்வாறே இதுவும் பொருந்தாது.

4. இரண்டுக்கும் உள்ள வேற்றுமை

முதலாவது: அரசாங்கம் சட்டத்தின் மூலம் வரியைக் கூட்டித் தன் வருமானத்தைப் பெருக்க இயலும். கமக்காரர் தம் நெல்லின் விலையைத் தாமே கூட்ட இயலாது.

இரண்டாவது: அரசாங்கம் பழைய உண்டியலை அடைக்கப் புதிய உண்டியலை விற்கும். நம்பிக்கை உள்ளவரை இது தொடர்ந்து நடைபெறும். கமக்காரர் ஒரு கடனை மற்றொரு கடனால் அடைக்கத் தொடங்கினால், அடுத்த போகத்திலேயே அகப்பட்டுக்கொள்வார்.

மூன்றாவது: மத்திய வங்கி ரூபாவை வெளியிடும் அதிகாரம் உடையது. முன்னர் அரசாங்கம் அவ்வங்கியிடமிருந்தே பணத்தைப் பெற இடமிருந்தது. அவ்வாறு வெளியிடப்பட்ட பணம் பொருள்களின் விலையை ஏற்றிற்று. 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம், அரசாங்கம் புதிதாக விற்கும் பத்திரங்களை அவ்வங்கி நேரே வாங்குவதைத் தடைசெய்கின்றது.

ஆனால், ஓர் இடத்தில் இரண்டும் ஒன்றாகின்றன. கமக்காரர் ரூபாவை அச்சிட இயலாது. இலங்கை அரசாங்கம் டொலரை அச்சிட இயலாது. ரூபாக் கடனுக்கு முன்னாற் கமக்காரர் எவ்வாறு நிற்கின்றாரோ, டொலர்க் கடனுக்கு முன்னால் நாடும் அவ்வாறே நிற்கின்றது. இருவரும் உழைத்தே கட்டவேண்டும். நாடு உழைப்பது ஏற்றுமதியாலும், உல்லாசப் பயணிகளாலும், வெளிநாடுகளில் வேலை செய்வோர் அனுப்பும் பணத்தாலுமாகும்.

5. 2022ஆம் ஆண்டில் நடந்தது

2019ஆம் ஆண்டு இறுதியில் நாட்டின் வெளிநாட்டு நாணய ஒதுக்கு ஏறத்தாழ 760 கோடி டொலராக இருந்தது. அவ்வாண்டு திசெம்பரிற் பெறுமதி சேர்த்த வரி நூற்றுக்கு 15இலிருந்து 8ஆகக் குறைக்கப்பட்டது. வேறு வரிகளும் குறைக்கப்பட்டன. அடுத்து வந்த கொரோனா நோய்த்தொற்றினால் உல்லாசப் பயணிகளின் வருகை நின்றது. வருமானம் குறைந்தது, கடன் தவணைகளோ நிற்கவில்லை. ஒதுக்கிலிருந்தே அவை கட்டப்பட்டன. 2022ஆம் ஆண்டு சனவரியிலும் 50 கோடி டொலர் முறியொன்று முழுமையாக அடைக்கப்பட்டது. அவ்வாண்டு மே மாதத் தொடக்கத்திற் பயன்படுத்தக்கூடிய ஒதுக்கு ஐந்து கோடி டொலருக்கும் கீழே சென்றுவிட்டதென நிதியமைச்சர் பாராளுமன்றத்திற் கூறினார்.

இதனிடையில், 2022 ஏப்ரில் 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடனின் பெரும்பகுதியைக் கட்டுவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. எரிபொருளும் மருந்தும் வாங்கப் பணமில்லாத நிலை வந்த பின்னரே இவ்வறிவித்தல் வந்தது. களஞ்சியத்து நெல் முழுவதையும் கடனுக்கு அளந்துவிட்டு, வித்துநெல்லும் இல்லாத நாளிற் கடன் கொடுத்தவரிடம் சென்று தவணை கேட்ட கமக்காரரை இது நிகர்க்கும்.

6. நாட்டின் கடன் உங்கள் படலைக்கு வந்த வழி

"அரசாங்கத்தின் கடன் எனக்கென்ன?" என்று எவரும் இருந்துவிட இயலாது. அது பல வழிகளால் வீட்டுக்கு வந்தது.

நாணயத்தின் வழி: 2022 மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவாயிற்று. பசளையும் கிருமிநாசினியும் எரிபொருளும் டொலரால் வாங்கப்படுபவை. கிணற்று நீரை இறைத்து வெங்காயமும் மிளகாயும் செய்வோர் நம்பியிருந்த மண்ணெண்ணெய், அவ்வாண்டு ஓகத்தில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது.

பசளையின் வழி: இரசாயனப் பசளை இறக்குமதி 2021 மே மாதத்தில் தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. தடை நீங்கிய பின்னரும் டொலர் இன்மையாற் பசளை போதியளவு வந்து சேரவில்லை.

வட்டியின் வழி: அரசாங்கம் பெருந்தொகை கடன் கேட்கும்போது பணத்தின் விலையாகிய வட்டி உயர்கின்றது. 2022 பிற்பகுதியிற் திறைசேரி உண்டியலின் வட்டி நூற்றுக்கு 30க்கு மேற் சென்றது. அரசாங்கமே அவ்வட்டி கொடுக்கும்போது, வங்கி கமக்காரருக்குக் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்க முன்வராது.

வரியின் வழி: பெறுமதி சேர்த்த வரி 2022 யூனில் 12ஆகவும், செத்தெம்பரில் 15ஆகவும், 2024 சனவரியில் 18ஆகவும் உயர்த்தப்பட்டது. கடையில் நீங்கள் வாங்கும் பல பொருள்களின் விலையில் இது அடங்கியுள்ளது. 2022ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் வருமானத்தில் ஒவ்வொரு நூறு ரூபாவிலும் எழுபது ரூபாவுக்கு மேற்பட்டது வட்டிக்கே சென்றது. மிகுதியிலிருந்தே பாடசாலையும் வைத்தியசாலையும் வாய்க்காலும் பெறவேண்டியிருந்தது.

7. "நாடே கட்டவில்லை" என்பதற்கு விடை

இப்போது முதலிற் கேட்ட கேள்விக்கு வருவோம்.

நாடு தன் கடனைக் கட்டமாட்டேன் என்று கூறவில்லை. உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி, சர்வதேச நாணய நிதியம் ஆகியவற்றிற்குரிய தவணைகள் இடைநிறுத்தப்படவில்லை. ஏனைய கடன்களும் அழிந்துவிடவில்லை. அவை பேச்சுக்கு வந்தன. 2023 மார்ச்சு 20ஆம் நாள் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் உதவிக்கு இணங்கிற்று. வருமானத்தைக் கூட்டுவதும், கடனை மீண்டும் ஒழுங்குசெய்வதும் அதற்குரிய நிபந்தனைகளாயின. கடன் கொடுத்த நாடுகளுடன் 2024 யூனில் உடன்பாடு ஏற்பட்டது. முறிகளை வைத்திருந்தோருடன் அவ்வாண்டு திசெம்பரிற் காரியம் முடிந்தது. தவணைகள் நீட்டப்பட்டன, வட்டி குறைக்கப்பட்டது, முறி வைத்திருந்தோர் முதலிலும் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தனர். மிகுதி கட்டப்படவேண்டியதே.

ஆகவே, இடைநிறுத்தம் இலவசமாகக் கிடைத்ததன்று. பேச்சு முடிய இரண்டாண்டும் எட்டு மாதமும் சென்றன. அதற்குரிய விலையை மேற்கூறிய நான்கு வழிகளாலும் மக்களே கொடுத்தனர். நாட்டுக்குக் கடன் கொடுப்போரின் நம்பிக்கை குறைந்தமையால் வந்த இடர் இதுவாயின், ஒரு குடும்பத்துக்கு அது எத்துணை இடராகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கமக்காரருக்கும் இதில் முன் அனுபவம் உண்டு. 1967ஆம் ஆண்டிற் புதிய கமக்கடன் திட்டம் தொடங்கப்பட்டது. பின்னர் பெருந்தொகையான கடன் திரும்பி வரவில்லை. கட்டாதோர் அடுத்த போகங்களில் வங்கிக் கடன் பெறும் தகுதியை இழந்து, மீண்டும் மாதவட்டிக்காரரின் வாயிலுக்கே சென்றனர். கட்டாமல் விட்ட கடன் இலாபம்போலத் தோன்றும். அடுத்த கடனின் வட்டியில் அது திரும்பி வரும். இக்காலத்தில் வங்கிக் கடன்களின் விவரம் கொடுகடன் தகவல் பணியகத்திற் பதியப்படுகின்றது. ஒரு வங்கியிற் தப்பிய தவணையை மற்ற வங்கியும் அறியும். பிணை நின்றவரும் அதிற் பாதிக்கப்படலாம்.

எனவே, நாட்டிடமிருந்து கற்கவேண்டியது கட்டாமல் விடுவதையன்று. காலந்தாழ்த்தாது சென்று பேசவேண்டும் என்பதையே.

8. கடன் வாங்குமுன் போடவேண்டிய கணக்கு

கணக்கு விளங்கும்பொருட்டு ஓர் உதாரணம் தருகின்றோம். இத்தொகைகளை நீக்கிவிட்டு உங்கள் வயலுக்குரிய தொகைகளை இட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு ஏக்கர் நெல் வயலுக்குச் செலவு 1,80,000 ரூபா. கைமுதல் 60,000, கடன் 1,20,000. விளைவு 3,400 கிலோ. வீட்டு உணவுக்கும் வித்துக்கும் 900 கிலோவை ஒதுக்கினால் விற்பனைக்கு 2,500 கிலோ. கிலோ 100 ரூபாவாக வரவு 2,50,000 ரூபா. ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வீதம், ஆறு மாத வட்டி 7,200. ஆகக் கட்டவேண்டியது 1,27,200. மீதி 1,22,800. அதில் அடுத்த போகத்துக் கைமுதல் 60,000ஐ வைத்தால், ஆறு மாத வீட்டுச் செலவுக்கு 62,800 ரூபா எஞ்சும்.

இது நல்ல போகத்துக் கணக்கு. இத்தோடு நிறுத்தாமல் மூன்றிலொரு பங்கு விளைவு குறைந்தால் என்னாகும் என்றும் பாருங்கள். விளைவு ஏறத்தாழ 2,267 கிலோ. உணவும் வித்தும் போக 1,367 கிலோ. வரவு 1,36,700 ரூபா. வங்கிக் கடனைக் கட்டினால் எஞ்சுவது 9,500 ரூபா மட்டுமே. கடன் அடைந்தது, அடுத்த போகத்துக்குக் கைமுதல் இல்லை.

இதே கடனை மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு வாங்கியிருந்தால் ஆறு மாத வட்டி 36,000, கட்டவேண்டியது 1,56,000. வரவு முழுவதையும் கொடுத்த பின்னரும் 19,300 ரூபா கடன் நிற்கும். அக்கடன் அடுத்த போகத்துக்கு வட்டியோடு நடந்து வரும். கமக்காரரை வறியவராக்குவது பெரும்பாலும் ஒரு போகத்து நட்டமன்று. அந்நட்டத்தை அடுத்த போகத்துக்குக் கொண்டுசெல்லும் வட்டியே.

ஆதலால், விதி இதுவாகும்: மூன்றிலொரு பங்கு விளைவு குறைந்த போகத்திலும், உணவும் வித்தும் ஒதுக்கிய பின், கட்டக்கூடிய தொகைக்கு மேற் கடன்படாதீர்கள். அதற்கு மேல் தேவைப்படின், பயிர்செய்யும் பரப்பைக் குறைப்பது கடனைக் கூட்டுவதிலும் நன்று.

9. தவணை பயிரோடு பொருந்தவேண்டும்

நெல் நான்கு மாதங்களுக்கு ஒருமுறை பணம் தருவது. அதற்கு வாரத் தவணைக் கடன் பொருந்தாது. அவ்வாறு வாங்கினோர், இரண்டாம் வாரத் தவணையை வாங்கிய கடனிலிருந்தே கட்டுகின்றனர். அது தீர்ந்ததும் மற்றொரு நிறுவனத்திடம் செல்கின்றனர். பெண்கள் பலர் இவ்வாறு நுண்கடனில் அகப்பட்டமையாலேயே, 2018ஆம் ஆண்டில் வரட்சியுற்ற மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற சிறு கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அளிக்கவேண்டி வந்தது.

கத்தரி, வெண்டி, பயற்றை செய்வோருக்குக் காய் பறிக்கத் தொடங்கிய பின் அடிக்கடி பணம் வரும். அவர்கள் மாதத் தவணையைத் தாங்குவர். ஆயினும், முதற் பறிப்பு வரும் வரை தவணை தொடங்காதிருக்கக் கேட்டுக்கொள்ளல் வேண்டும். சின்ன வெங்காயம் செய்வோர் அறுவடை நாளன்றே கடன் முடியும்படி தவணை வைத்தால், விலை வீழ்ந்திருக்கும் நாளில் விற்க நேரிடும். தவணையைச் சில வாரங்கள் தள்ளி வைத்தால், வெங்காயத்தைக் கட்டித் தூக்கி விலை பார்த்து விற்கலாம். உழவு இயந்திரம், கிணறு, வேலி போன்ற பல ஆண்டுப் பொருள்களுக்குப் பல ஆண்டுத் தவணையே தக்கது.

நகையை வங்கியில் அடகு வைத்துப் பயிர் செய்வோர், மீட்கும் நாளைப் பற்றுச்சீட்டிற் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். அந்நாள் அறுவடைக்கு முன் வருமாயின் வேறு தவணை கேளுங்கள்.

10. கட்ட இயலாத நிலை வந்தால்

வெள்ளமோ வரட்சியோ நோயோ பயிரைத் தாக்கினால், தவணை நாள் வரும்வரை காத்திராதீர்கள். பயிர் அழிந்த வாரத்திலேயே கிராம உத்தியோகத்தருக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் அறிவியுங்கள். பயிர்க் காப்புறுதி இருப்பின் அதற்கும் அவ்வறிவித்தல் தேவை. பின்னர் கடன் கொடுத்த வங்கிக்கோ சங்கத்துக்கோ நேரிற் செல்லுங்கள். எவ்வளவு விளைந்தது, எவ்வளவு கட்டலாம், மிகுதியை எந்தப் போகத்திற் கட்டலாம் என்பவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். வெறுங்கையுடன் வருபவரிலும் கணக்குடன் வருபவருக்குத் தவணை எளிதிற் கிடைக்கும்.

வித்துநெல்லை விற்றும், பாற்பசுவை விற்றும், மாதவட்டிக்கு வாங்கியும் வங்கித் தவணையைக் கட்டிவிட்டுப் பின்னர் செல்லாதீர்கள். நாட்டின் ஒதுக்கு இருந்த காலத்திற் பேசியிருந்தால் நாட்டுக்கு வந்த இடர் குறைந்திருக்கும் என்பது பொருளியலாளர் பலரின் கருத்து. உங்கள் ஒதுக்கு வித்துநெல். அது பெட்டகத்தில் இருக்கும்போதே சென்று பேசுங்கள்.

பல இடங்களிற் கடன் இருப்பின், வட்டி கூடிய கடனை முதலில் அடையுங்கள். புதிதாகக் கடன்பட நேர்ந்தால் உங்கள் ஊர்ச் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தையோ கூட்டுறவுக் கிராமிய வங்கியையோ அணுகுங்கள். கமக்காரரை மாதவட்டியிலிருந்து காக்கும் நோக்குடன் இந்நாட்டிற் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1911ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. ஆயினும், உறுப்பினர் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தாலன்றி எச்சங்கமும் நிலைத்து நில்லாது. நீங்கள் கட்டும் தவணையே அயலவரின் அடுத்த போகத்துப் பசளையாகும்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. கடன் விளைவுக்குச் செல்கின்றதா, செலவுக்குச் செல்கின்றதா என்று முதலிற் பாருங்கள்.

2. வட்டி மாதத்துக்கா, ஆண்டுக்கா, முழுத்தொகைக்கா, மீதித்தொகைக்கா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

3. குறைந்த விளைவிலும் கட்டக்கூடிய அளவே கடன்படுங்கள்.

4. தவணை அறுவடைக்குப் பின் வரட்டும்.

5. வெறுந்தாளிற் கையொப்பம் இடாதீர்கள். கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் பற்றுச்சீட்டுப் பெறுங்கள்.

6. பிறருக்குப் பிணை நிற்குமுன், அக்கடனை நீங்களே கட்ட நேரின் இயலுமா என்று எண்ணுங்கள்.

7. கடனுக்காகக் காணியை அறுதியாக எழுதிக்கொடாதீர்கள்.

8. கட்ட இயலாவிடின் தவணை தப்புமுன் சென்று பேசுங்கள்.

9. களத்தில் நெல்லை அளக்கும்போது வித்தையும் உணவையும் முதலில் ஒதுக்குங்கள். அடுத்துக் கடனை ஒதுக்குங்கள். அதன் பின்னரே ஏனைய செலவுகளை எண்ணுங்கள்.

உங்கள் வயலுக்குரிய செலவுக் கணக்கைத் தயாரிப்பதில் ஐயம் இருப்பின், உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கண்டு பேசுங்கள். கடன் பத்திரத்திற் கையொப்பம் இட்ட பின்னரன்று, இடுமுன்னரே.